எங்கள் பள்ளிப் பெண்களுக்கு மட்டாஞ்சேரியில் இடம் தேடிய இரண்டு நாள்

இந்த வலைப்பக்கத்தில் இதுவரை கோயில் பயணங்களைத்தான் எழுதி வந்திருக்கிறேன். இந்தத் தடவை ஓர் அரசுக் கூட்டத்துக்குப் போய்வந்த கதை. போன இடத்திலும் இரண்டு கோயிலுக்குப் போனேன் என்பதால், தலைப்பு மாறினாலும் ஆள் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் உடுமலைப் பக்கம். அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான்தான் தலைவி. எட்டாவதோடு நின்றவள் எப்படித் தலைவியானாய் என்று கேட்பவர்களுக்கு: மகள் கௌசல்யா ஒன்பதாவது படிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்பதாவது படித்தேன். அவள் பத்தாவது போனபோது நானும் போனேன். பரீட்சை மட்டும் எழுதவில்லை. இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவில் இருக்கிறாள். கணக்குப் பதிவும் அலுவலக வேலையும் சொல்லித் தருகிற பிரிவு. அவளோடு படிப்பவர்களில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள்.

அந்தப் பிரிவுக்குத்தான் ஆபத்து வந்தது. இந்தப் பிள்ளைகள் நான்கு வாரமாவது உண்மையான ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று கல்வித் துறையில் சொல்லிவிட்டார்கள். நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊரைச் சுற்றி இருப்பது தென்னை நார் மில்லும் கோழிப் பண்ணையும். கணக்குப் பழக யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஜூன் மாதத்துக்குள் பயிற்சிக்கு இடம் கிடைக்காவிட்டால் பிரிவை மூடிவிட்டு, இருக்கிற பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவார்களாம். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய பள்ளி அது. பாதிப் பெண்கள் வீட்டில் நின்றுவிடுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கௌசல்யாவும் அந்தப் பாதியில் இருப்பாள் என்பதும் தெரியும். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறவர்.

இப்படி இருக்கும்போது, தைப்பூசம் முடிந்த வாரத்தில் அழைப்பு வந்தது. நம் மாநிலத்துக் கல்வித் துறையும் தொழிலாளர் துறையும், கேரளத்து அலுவலர்களோடு இரண்டு நாள் உட்கார்ந்து பேசப் போகிறார்கள், இடம் கொச்சி மட்டாஞ்சேரி, பயிற்சிக்கு இடமில்லாத பள்ளிகளிலிருந்து ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் வரலாம் என்று. சுமதி டீச்சரும் நானும் கிளம்பினோம். தொழிற்கல்விப் பிரிவுக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியை.

காலை நாலரை மணிக்கு உடுமலையில் பேருந்து. கோவையில் இட்லி. பிறகு எர்ணாகுளம் ரயில், முன்பதிவு செய்த உட்காரும் இருக்கை, ஆளுக்கு 105 ரூபாய். பாலக்காடு தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பச்சை கூடிக்கொண்டே போகும், தூங்கிவிடாதீர்கள். பதினொன்றரைக்கு எர்ணாகுளம் தெற்கு நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து மட்டாஞ்சேரி பத்து கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு 280 கேட்டார், 260க்கு வந்தார்.

ஓட்டுநர் பெயர் நௌஷாத். தமிழ் சினிமா பார்த்தே தமிழ் பழகியவராம். அம்பலத்துக்கா, அதாவது கோயிலுக்கா, பாலஸுக்கா என்று கேட்டார். கூட்டத்துக்கு என்றேன்.

"கூட்டமோ? எலெக்‌ஷன் மறுபடியும் வந்துருச்சா?"

சுமதி டீச்சர் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். படித்த பிள்ளைகளுக்கு வேலை, வேலைக்கு ஏற்ற படிப்பு, அதைப் பற்றித்தான் இரண்டு அரசும் பேசப் போகின்றன என்று. பாலம் வந்ததும் நௌஷாத் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்.

"என்டெ மோன் பி.காம். துபாய்ல இருக்கான். தங்கச்சி மோளும் அங்கதான். இவிடே குடோன்ல எல்லாம் கணக்கு நோக்க ஆளைக் கிட்டல டீச்சரே. நிங்ஙடெ பிள்ளைங்களைக் கொண்டு வாங்க."

கூட்டத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டியதும் இதைத்தான். ஆட்டோவிலேயே எங்களுக்குப் பாதிக் கூட்டம் முடிந்துவிட்டது.

பஜார் ரோடு எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு பக்கமும் பழைய ஓட்டுக் கட்டடங்கள், மிளகு, சுக்கு, ஏலக்காய் மூட்டைகள், நடுவில் லாரி. கூட்டம் நடந்ததும் அப்படி ஒரு கிட்டங்கியின், அதாவது குடோனின், மாடியில்தான். கீழே மிளகு சலித்துக்கொண்டிருந்தார்கள். நம் மாநிலத்து இணை இயக்குநர் வரவேற்புரைக்கு எழுந்தார். மூன்று வாக்கியத்துக்கு ஒரு தும்மல். கேரளத்துக்காரர்கள் யாரும் தும்மவில்லை, மரியாதையாகக் காத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு அவர்கள் செலவு. சோறு, மோர்க்கறி, பயறுத் தோரன், அப்பளம். பெரிய அதிகாரிகளும் எங்களோடு வரிசையில் நின்றுதான் வாங்கினார்கள். இதை முக்கியமாக எழுத நினைத்தேன்.

பிறகு இரண்டு கிட்டங்கி அலுவலகங்களைக் காட்டினார்கள். சரக்கு வரவு, இருப்பு, வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளுக்கான காகித வேலை. எல்லாம் கணினியில். அங்கே ஆளில்லை. எங்களிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள், பழக இடமில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குத் தையல் ஆலையிலும் இயந்திரத்திலும் பழக வேண்டும், அது திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறது. ஆக, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ஒரு மாநிலத்தில் எடுத்த பயிற்சியை அடுத்த மாநிலமும் ஏற்றுக்கொள்ளும். உதவித்தொகை உண்டு. சாயா வருவதற்குள் முடிவாகிவிட்டது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மா தாயே, பிரிவு பிழைத்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

யாரோ ஓர் ஆசிரியர் எழுந்து, பிள்ளைகள் எங்கே தங்குவார்கள் என்று கேட்டார். இங்கே விடுதிகளுக்குப் பஞ்சமில்லை, அதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம், எல்லாப் பெற்றோருக்கும் சுற்றறிக்கை அனுப்பிவிடுவோம் என்று இணை இயக்குநர் பதில் சொன்னார். அவரும் நல்ல மனதோடுதான் சொன்னார். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

சுமதி டீச்சர் என் காதில் சொன்னார். "அக்கா, ஒருத்தி கூட வர மாட்டா."

அதுதான் உண்மை. எங்கள் ஊரில் பதினாறு வயதுப் பெண்ணைத் தெரியாத ஊரில் லாட்ஜில் தங்க வைக்க எந்தத் தாயும் ஒப்ப மாட்டாள். இனி என்ன நடக்கும் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. வாய்ப்புக் கொடுத்தோம், பெற்றோர்கள் முன்வரவில்லை என்று எழுதுவார்கள். ஜூனில் பிரிவை மூடுவார்கள். இந்தத் தடவை பழியும் எங்கள் மேலேயே விழும். எழுந்து சொல்லத்தான் நினைத்தேன். லாட்ஜ் வேண்டாம் என்று சொல்லலாம், பிறகு என்ன வேண்டும் என்று கேட்டால்?

மனசு கனத்தால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மட்டாஞ்சேரி அரண்மனை வளாகத்திலேயே பகவதி கோயில் இருக்கிறது, சுமதி டீச்சரோடு அங்கே போனேன். புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பிரசாதச் சந்தனத்தைக் கையில் தொட்டுத் தர மாட்டார்கள், மேலிருந்து போடுவார்கள். நான் நம் ஊர்ப் பழக்கத்தில் கையை நீட்டிப் பூசாரியின் விரலைத் தொடப் போய்விட்டேன். அவர் சட்டென்று பின்வாங்கி, பிறகு சிரித்துக்கொண்டே இலையோடு போட்டார். வெளியே பூ விற்ற பெண்ணிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தபோது, இரண்டு தெரு தள்ளித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அம்மன் கோயில் இருப்பதாகச் சொன்னாள். நடந்தோம்.

சின்னக் கோயில். விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் யாரு, புதுசா இருக்கே என்றார். பெயர் பார்வதி. நான்கு தலைமுறையாக இதே தெருவில் இருக்கிற குடும்பம். கணவர் மிளகுத் தரகு. பேரன் பேத்திகள் மலையாளத்தில் எழுதுவார்கள், தமிழில் பேசுவார்கள், சண்டை மட்டும் இரண்டிலும் போடுவார்கள் என்றார். எனக்கு அவரிடம் ஏன் எல்லாவற்றையும் கொட்டத் தோன்றியது என்று தெரியவில்லை. பிரிவு மூடப் போவது, லாட்ஜ், கௌசல்யா, எல்லாம் சொன்னேன்.

பார்வதியம்மா துணியைக் கீழே வைத்தார்.

"மேல நாலு ரூம் இருக்கு. கல்யாணக் கோஷ்டி வந்தா தங்கறதுக்குக் கட்டினது. கல்யாணம் இல்லாதப்போ எலிதான் குடித்தனம். உங்க பெண்குட்டிகள் வந்து இருக்கட்டும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொடர்ந்தார். "பக்ஷே நான் ஒருத்தி சொன்னா ஆகாது. கமிட்டி இருக்கு."

கமிட்டித் தலைவர் யாரென்று சுமதி டீச்சர் கேட்டார்.

"என் கொழுந்தன்தான். சம்மதிக்கலேன்னா அவனுக்கு இனிப் பாயசம் கிடையாது." அங்கேயே தொலைபேசியில் கூப்பிட்டார். மலையாளமும் தமிழும் கலந்து ஐந்து நிமிடம் பேச்சு. பாயசம் வரைக்கும் போகவில்லை. கொழுந்தனார் ஒப்புக்கொண்டார். மூன்று நிபந்தனை: விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பிள்ளைகள் வந்துவிட வேண்டும், கோயில் அறையில் மீன் கறி சமைக்கக் கூடாது, தினமும் தெருப் பெண்களில் ஒருவர் அங்கே படுத்துக்கொள்வார்.

நான் அப்போதும் தயங்கினேன். பார்வதியம்மாவுக்குப் புரிந்துவிட்டது, இன்னும் என்ன என்று கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எடம் இருக்குன்னு சர்க்கார் காயிதம் வந்தா எங்கூர்ல யாரும் அனுப்ப மாட்டாங்க. கண்ணாலமோ காதுகுத்தோ, ஆருன்னாலும் வூடு தேடி வந்து வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புட்டாத்தானுங்க போவோம். பொண்ணை அனுப்பறதுன்னா சும்மாவா?"

"அது ஷரி. அப்போ வந்து கூப்பிடறோம்," என்றார் பார்வதியம்மா, பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல. பிறகுதான் கேட்டார், "நிங்க ஊரு எவ்ளோ தூரம்?"

ராத்திரி போர்ட் கொச்சியில் துறை ஏற்பாடு செய்த விடுதியில் தங்கினோம். மறுநாள் காலை கூட்டம் தொடங்கியதும், முந்தைய நாள் முடிவுகளை வாசித்து, யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். சுமதி டீச்சர் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கியே விட்டார். நின்றேன். லாட்ஜ் என்றால் ஒரு பெண்ணும் வராது, பிரிவு மூடிவிடும் என்றேன். அம்மன் கோயில் அறைகளைச் சொன்னேன். அதுவரை அமைதியாகக் கேட்டார்கள். சுற்றறிக்கைக்கு முன்னால் இந்த ஊர்ப் பெண்கள் எங்கள் பள்ளிக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்துத் தாய்மார்களை அழைக்க வேண்டும் என்றதும் சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். எதிர்பாராததைக் கேட்டால் வருகிற சிரிப்பு. நம் பக்கத்து அலுவலர் ஒருவர் கேட்டார்.

"வெற்றிலை பாக்குச் செலவை எந்தத் தலைப்புலம்மா எழுதறது?"

"அதை நான் வாங்கிக்கறேனுங்க சார். எழுத வேண்டாம்."

மறுபடி சிரிப்பு. சிரிக்காதவர் ஒருவர்தான். லதா மேடம், கேரளத்துத் தொழிற்கல்வியைப் பார்த்துக்கொள்கிறவர். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாக வரும். அவர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எங்க ஆலப்புழைக் குட்டிகளைத் திருப்பூருக்கு அனுப்பறதா நேத்துத் தீர்மானிச்சோம். அவங்க அம்மாமார் என்கிட்ட இதே சோத்யம் கேப்பாங்க. எனக்குப் பதில் இல்லை. இந்தச் சேச்சிக்கு இருக்கு."

இணை இயக்குநர் என்னைப் பார்த்தார். திருப்பூருக்கு வரும் அந்தப் பிள்ளைகளுக்காக நீங்கள் ஆலப்புழைக்குப் போய் அழைப்பீர்களா என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, போவேன் என்றேன். எங்கள் குழுவில் இன்னும் ஆறு பேர் வருவார்கள் என்றும் சொன்னேன். (அவர்களை அப்போது கேட்டிருக்கவில்லை. பிறகு கேட்டேன், வருகிறார்கள்.)

அடுத்து இணை இயக்குநர் செய்ததற்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன் என்று சொல்லலாம். நேற்றுச் சொன்னதை மாற்றுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தங்குமிடம் பெற்றோர் பொறுப்பு இல்லை, இரண்டு துறைகளின் பொறுப்பு. அந்தந்த ஊர்ப் பெண்கள் குழுக்கள் மூலம் இடம் பார்ப்பது, போலீஸ் சரிபார்ப்பு முடிப்பது, தாய்மார்களை நேரில் சந்தித்த பிறகே பெயர்ப் பட்டியல். லதா மேடம் அங்கேயே எழுந்து, அம்மன் கோயிலைத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். அன்று மதியமே வந்தார், அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், குளியலறைக்கு இன்னொரு விளக்குப் போடச் சொன்னார். பெரிய பதவியில் இருப்பவர்கள் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் அந்த அம்மன் முன்னாலேயே நன்றி சொன்னேன்.

மாசி மாதத்தில் பார்வதியம்மாவும் இன்னொரு பெண்ணும் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, கூடவே நேந்திரங்காய் வறுவல். செலவு எழுத வேண்டிய தேவையே வரவில்லை, எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். தாய்மார்கள் முதலில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். தாழ்ப்பாள் உள் பக்கமா வெளிப் பக்கமா என்று ஒருத்தி கேட்டாள். உள்ளே என்றார் பார்வதியம்மா. வாசல் பக்கம் யார் படுப்பது என்று இன்னொருத்தி. திங்கள் நான், செவ்வாய் என் நாத்தனார் என்று கிழமை வாரியாகச் சொன்னார். வீட்டுக்குத் தூரமான நாட்களில் கோயில் மாடியில் இருக்கலாமா என்று மூன்றாவது ஆள் தயங்கிக் கேட்டாள். அதற்குப் பின் பக்கம் தனிப் படி இருக்கிறது, தன் வீடும் நான்கு எட்டில் இருக்கிறது என்றார். எந்தச் சுற்றறிக்கையில் இதெல்லாம் வரும்? ஒவ்வொருவராக, வீட்டுக்காரரோடு சேர்ந்து நின்று தாம்பூலத் தட்டை வாங்கினார்கள். எங்கள் பக்கம் தட்டை வாங்கினால் சொன்ன சொல் மாறக் கூடாது.

எனக்கு நீட்டிய தட்டை மட்டும் நான் வாங்க முடியவில்லை. வீட்டுக்காரரும் சேர்ந்து வாங்க வேண்டும், அவர் வேப்ப மரத்தடியில் வண்டிமேல் சாய்ந்து நின்றார், உள்ளே வரவில்லை. பார்வதியம்மா வற்புறுத்தவில்லை. தட்டை என் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி நீங்கள் போவதாக இருந்தால். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூதர் ஆலயத்துக்குச் சனிக்கிழமை, அதனால் வார நடுவில் போங்கள். எர்ணாகுளத்திலிருந்து படகில் வருவது ஆட்டோவைவிட மலிவு, காற்றும் இலவசம். அரசுப் படகு பத்து ரூபாய்க்குள், வாட்டர் மெட்ரோ ஐம்பதுக்குள் முடிந்துவிடும். பஜார் ரோட்டில் மிளகு வாங்குவதானால் மதியத்துக்கு முன் போங்கள், கால் கிலோவும் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். கைக்குட்டை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், இணை இயக்குநர் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எனக்கும் சுமதி டீச்சருக்கும் சேர்த்துப் பேருந்து, ரயில், ஆட்டோ, வெளிச் சாப்பாடு, அர்ச்சனை எல்லாம் 1,430 ரூபாய் ஆயிற்று. தங்கியது துறைக் கணக்கு. உங்கள் பள்ளியில் மேலாண்மைக் குழு இருந்தால், இப்படி ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், சமையலை யாரிடமாவது விட்டுவிட்டுப் போய்விடுங்கள். அங்கே கேட்கிற காதுகள் இருக்கின்றன. நாம் எழுந்து சொல்லாதது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியாகத் தண்ணீர். குழாயில் வருவது சில இடங்களில் உப்புக் கரிக்கும், குடிக்கத் தனியாக வாங்க வேண்டும் அல்லது கொதிக்க வைத்த சீரகத் தண்ணீர் கேட்க வேண்டும். இதை எழுதக் காரணம், பார்வதியம்மா போன மூன்றாம் நாள் மாலை, மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்த வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏம்புள்ள, அந்தூர்த் தண்ணி உப்பாமா?"

"குடிக்கறதுக்கு வேற தண்ணிங்க. சீரகம் போட்டுக் காய்ச்சித் தர்றாங்க."

அவர் கூடத்துக்குப் போனார். தட்டில் இருந்த வெற்றிலை வாடிச் சுருண்டிருந்தது. அதை ஒரு நிமிடம் பார்த்தார். தட்டைச் சேர்ந்து பிடிக்க என்னையும் பக்கத்தில் வரச் சொன்னார். பாக்கில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.